எத்தனை கட்டை என்று கேட்காமல் விட்ட சனிக்கிழமை: ஊர்க் கச்சேரித் தொடர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் தாமிரபரணிக் கரையில் உள்ள ஓர் ஊர். பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பெயரைச் சொன்னால் இதில் வருகிற எல்லோரையும் சுற்றுவட்டாரத்தில் அடையாளம் கண்டுகொள்வார்கள். அங்கே மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பழைய பஜனை மடத்துக் கூடத்தில் கர்நாடக இசைக் கச்சேரி நடத்துகிறோம். டிக்கெட் கிடையாது. ஊரைவிட்டுப் போய்ச் சென்னையிலும் மும்பையிலும் இருப்பவர்கள் அனுப்பும் தொகை, வாசலில் வைக்கும் உண்டியல், இரண்டு கல்யாண வீட்டுக்காரர்கள் அவ்வப்போது ஏற்கும் சாப்பாட்டுச் செலவு ஆகியவற்றில்தான் காலம் ஓடுகிறது. குழுவில் ஏழு பேர். நான் செயலாளர், தொலைபேசியில் பேசுகிறவன் என்று பொருள்.

எங்கள் கூட்டம் சிறியது, ஆனால் காது கூர்மையானது. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்த எட்டயபுரம் இந்தச் சீமையில்தான் இருக்கிறது. அந்தப் பரம்பரையின் கிருதிகளைச் சுரக் குறிப்போடு திரட்டிய சுப்பராம தீட்சிதரின் பெருநூல் 1904இல் அங்கேயே அச்சானது. நாகசுர மேதை அருணாசலத்தின் (1921–1964) காருகுறிச்சி எங்களுக்குக் கூப்பிடு தூரம். இதையெல்லாம் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் முன்வரிசையில் உட்காருவார்கள். நெல்லையப்பர் கோயில் காந்திமதியம்மன் மேல் தீட்சிதர் ஹேமவதி ராகத்தில் செய்த கிருதியைப் பாடச் சொல்லி, யார் மேடை ஏறினாலும் ஒரு துண்டுச் சீட்டு போகும். சில மாதம் மூன்று சீட்டு போகும்.

பாடுகிறவரும் வயலின்காரரும் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வருவார்கள். மிருதங்கத்துக்கு ஐந்து ஆண்டுகளாகப் பாளையங்கோட்டையில் இருக்கும் ஒரு மூத்த வித்வான். வயது அறுபதைத் தாண்டியவர். வெளியூர்க் கலைஞர்களுக்குக் கார் அனுப்புவோம். வித்வான் பஸ்ஸில் வருவார்; போகவர ஆகும் செலவைக் கவரில் சேர்த்துவிடுவோம். இந்த ஏற்பாடு தவறென்று அதுவரை எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை இரவு

ஆடி மாதம். சனிக்கிழமை 6.30 மணிக்குக் கச்சேரி. சென்னையிலிருந்து ஒரு பாடகர் வருவதாக இருந்தது. அவருக்குச் சுருதி, அதாவது பாட்டுக்கு ஆதாரமாக நிற்கும் ஒலியின் உயரம், 1 கட்டை. எண் ஏற ஏறச் சுருதியும் உயரும். அவரோடு வாசிக்க வேண்டிய வயலின்காரர் வெள்ளி மாலையே ரயில் ஏறிவிட்டார். பாடகர் மறுநாள் காலை தூத்துக்குடிக்கு விமானத்தில் வந்து இறங்குவதாக ஏற்பாடு. இரவு எட்டரை மணிக்கு அவர் மனைவி கூப்பிட்டார். காய்ச்சல், தொண்டை கட்டிவிட்டது, பேசவே முடியவில்லை என்றார்.

ரத்து செய்வதா என்று குழுவில் கால் மணி நேரம் பேசினோம். அழைப்பிதழ் போய்விட்டது, வயலின்காரர் விழுப்புரம் தாண்டிவிட்டார், சாப்பாட்டுக்குக் காய்கறி வாங்கியாகிவிட்டது. மதுரையில் இருக்கும் ஒரு பாடகியைக் கேட்டோம். முன்பு ஒருமுறை வந்து போனவர். பத்து மணிக்குச் சம்மதம் சொன்னார். அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

பத்தேகாலுக்கு நான் மிருதங்க வித்வானைக் கூப்பிட்டேன். என்ன சொன்னேன் என்பதை நினைவிலிருந்து எழுதுகிறேன். அவரும் பின்னால் இதையேதான் சொன்னார். “பாடகருக்கு உடம்பு சரியில்லை, ஐயா. மதுரையிலிருந்து வேறொருவர் வருகிறார். நேரமும் இடமும் அதேதான்.” அவர் “சரி, நல்லது” என்றார். வைத்துவிட்டேன்.

வேறொருவர் வருகிறார். தமிழில் மரியாதையாகப் பேசினால் ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டியதே இல்லை. அந்த மரியாதைக்குள் சுருதி மறைந்துபோயிற்று. மதுரையில் வித்வானுக்குப் பழக்கமான பாடகர் ஒருவர் உண்டு. ஆண், 1 கட்டைக்காரர். வருகிறவர் அவர்தான் என்று எடுத்துக்கொண்டார். அவர் ஏன் கேட்கவில்லை என்று பிறகு குழுவில் ஒருவர் கேட்டார். இரவு பத்தேகாலுக்குத் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவரிடம் அந்தக் கேள்வியை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. இதற்கு மாறாக, ரயிலில் இருந்த வயலின்காரர் பாடகியின் எண்ணை வாங்கி அவரிடமே பேசிவிட்டார். சுருதி என்னவென்று கேட்டு அதற்கேற்ற கம்பிகள் பெட்டியில் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொண்டார். இடையில் நான் இல்லாததால் அங்கே தகவல் முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை பகல்

பாடகி மூன்றரை மணிக்குக் காரில் வந்து சேர்ந்தார். ஓய்வெடுக்க ஒரு வீட்டில் அறை ஒதுக்கியிருந்தோம். அந்த வீட்டில் காபி. எதிர்வீட்டு மாமி முன்பு அவர் வந்தபோதே கேட்டு வைத்திருந்தார். ஆகவே அங்கே சேவையும் பஜ்ஜியும். பிறகு கோயில். அர்ச்சகர் காத்திருந்தார், அம்மன் சன்னதியில் ஒரு பாட்டு என்று கேட்டார், பாடகியும் பாடினார். அதன்பிறகு குழுத் தலைவர் வீட்டில் அவருடைய பேத்தி பாட்டுக் கற்றுக்கொள்கிறாள், இரண்டு நிமிடம் கேட்டால் போதும் என்றார்கள். இரண்டு நிமிடம் இருபத்தைந்து நிமிடமாயிற்று. எங்கள் பக்கத்து உபசாரம் இப்படித்தான். வேண்டாம் என்று வந்தவரும் சொல்லமுடியாது, போதும் என்று எங்களுக்கும் சொல்லத் தெரியாது.

வித்வான் 5.45க்கு மிருதங்கத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தார். சாரல் காற்று அடித்துக்கொண்டிருந்ததால் உறையின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றியிருந்தார். கூடத்தில் ஒலிபெருக்கிக்காரரையும் வயலின்காரரையும் தவிர யாரும் இல்லை. வயலின்காரர் மூலையில் கம்பி ஏற்றிக்கொண்டிருந்தார். புதிதாக ஏற்றிய கம்பி நிலைக்கு வர நேரம் பிடிக்கும். இருவரும் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். வயலின் 5 கட்டைக்குப் போவதை வித்வான் கவனித்திருக்கலாமே என்றால், ஒலிபெருக்கியில் அப்போது சினிமாப் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பாடகி 6.20க்கு மேடைக்கு வந்தார். மின்தம்புராவைப் போட்டார். வித்வான் மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

மேடையில் தெரியவந்தது

இசை பழக்கமில்லாத வாசகர்களுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஆண் பாடகர்கள் பலர் 1 கட்டையை ஒட்டிப் பாடுகிறார்கள். பெண்கள் பலர் 5 கட்டையை ஒட்டி. மிருதங்கத்தின் வலந்தலை பாடுகிறவரின் ஆதார சட்ஜத்தில், அதாவது ‘ச’ சுரத்தில், பேச வேண்டும். ஒரே மிருதங்கத்தை இரண்டுக்கும் இழுக்க முடியாது. தாழ்ந்த சுருதிக்கு உடல் நீண்ட தக்கு மிருதங்கம், உயர்ந்த சுருதிக்குக் குட்டையான ஹெச்சு மிருதங்கம். தக்கு மிருதங்கத்தைக் கல்லும் மரப்புள்ளும் கொண்டு தட்டி அரைக் கட்டை, மிஞ்சிப்போனால் ஒரு கட்டை ஏற்றலாம். அதற்கு மேல் போனால் தோல் தாங்காது. சாரல் நாளில் ஈரம் ஏறிய தோல் எப்படியும் இறங்கத்தான் பார்க்கும்.

வித்வானிடம் இருந்தது தக்கு மிருதங்கம். பாடகிக்கு 5 கட்டை. ஹெச்சு மிருதங்கம் பாளையங்கோட்டையில் அவர் வீட்டு அலமாரி மேல் இருந்தது. ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

அந்த இருபத்தைந்து நிமிடம்

யோசித்த வழிகள் நான்கு. தள்ளிவைப்பது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கூடத்தில் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

வித்வான் ஒரு யோசனை சொன்னார். “அம்மா, 4 கட்டைக்கு இறங்கிப் பாட முடியுமா? பஞ்சமத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.” 1 கட்டையில் நிற்கும் மிருதங்கம் 4 கட்டைக்காரருக்குப் பஞ்சமமாக, அதாவது ‘ப’ சுரமாகப் பேசும், உறுத்தாது. பாடகி மெதுவாகப் பாடிப் பார்த்தார். கீழ் ஸ்தாயியில் குரல் காற்றாகப் போயிற்று. பயணமும் மூன்று வீட்டு உபசாரமும் சன்னதிப் பாட்டும் ஆன குரல் அது. “முடியாது, ஐயா. மன்னிக்க வேண்டும்” என்றார்.

மிருதங்கம் இல்லாமல் வயலினோடு மட்டும் முழுக் கச்சேரியையும் நடத்தலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். வித்வான் மேடையில் உட்கார்ந்திருக்கும்போதே இதைச் சொன்னார். பாடகி மறுத்துவிட்டார்.

ஹெச்சு மிருதங்கத்தை வரவழைப்பதென்று முடிவாயிற்று. வித்வானின் மாணவன் ஒருவன் அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தான். வாடகைக் கார் பிடித்து 6.40க்குக் கிளம்பினான். பத்தமடை, சேரன்மகாதேவி வழியாக வர ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டோம்.

அந்த ஒரு மணி நேரத்தை எப்படி நிரப்புவது என்பதைப் பாடகி முடிவு செய்தார். அவர் சொன்ன வரிசை எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. கச்சேரியின் நடுவிலோ பிற்பகுதியிலோ வர வேண்டிய ராகம் தானத்தை, அதாவது ஒரு ராகத்தை விரித்துப் பாடும் பகுதியை, முதலில் எடுத்துக்கொண்டார். ராகத்துக்கும் தானத்துக்கும் மரபுப்படியே தாள வாத்தியம் வேண்டியதில்லை. ஆகவே எந்தக் குறையும் தெரியாது. மிருதங்கம் அதற்குள் வராவிட்டால் அடுத்ததாக மத்யம சுருதிப் பாட்டுகள். 5 கட்டைக்கு மத்யமம், அதாவது ‘ம’ சுரம், என்பது 1 கட்டைச் சட்ஜம்தான். தம்புராவைப் பஞ்சமத்திலிருந்து மத்யமத்துக்கு மாற்றி, மத்யமத்தையே சட்ஜமாகக் கொண்டு புன்னாகவராளி, நாதநாமக்கிரியை போன்ற ராகங்களைப் பாடினால், கையில் இருக்கிற தக்கு மிருதங்கமே அச்சாகச் சேரும். இதை அவர் சொன்னதும் வித்வான் சிரித்தார். அன்று மாலை அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அறிவிப்பு

6.45க்கு எங்கள் தலைவர் மைக்கைப் பிடித்தார். தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டுமே. “மிருதங்கத்தில் ஒரு சிறு கோளாறு. வேறு மிருதங்கம் வந்துகொண்டிருக்கிறது. ரசிகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்” என்றார்.

கெட்ட எண்ணத்தோடு சொன்னதல்ல. அவருக்கு நிலைமை அப்படித்தான் விளங்கியிருந்தது. நான் மேடைப் படியில் நின்றிருந்தேன். உண்மை தெரிந்தவன் நான் ஒருவனே. எழுந்துபோய் மைக்கை வாங்கி, தவறு என்னுடையது, மிருதங்கம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்குப் பத்து நொடி ஆகியிருக்கும். சொல்லவில்லை. கச்சேரி தொடங்கட்டும் என்று நினைத்தேன். இந்த ஆய்வை எழுதுவதற்குச் சுருதியைவிட இதுவே பெரிய காரணம்.

கச்சேரி

6.50க்குத் தோடி ராகம். ராகத்தையும் தானத்தையும் சேர்த்து முக்கால் மணி நேரம். புதிதாக ஏற்றிய கம்பிகளை இரண்டு முறை நடுவில் சரிசெய்துகொண்டே வயலின்காரர் ஈடுகொடுத்தார். வித்வான் வாத்தியத்தின் மேல் கைவைத்தபடி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முன்வரிசையிலிருந்து வழக்கமான சீட்டு போயிற்று, இரண்டு. அவற்றைப் பாடகி படித்து மடித்து வைத்துக்கொண்டார். ஹேமவதியில் வருவது சுத்த மத்யமத்தைவிட அரைச்சுரம் உயர்ந்த பிரதி மத்யமம்; சுத்த மத்யமத்தில் நின்று பேசுகிற மிருதங்கத்தை வைத்துக்கொண்டு அந்த ராகத்தைத் தொட்டால் ஒவ்வொரு அடியிலும் இடிக்கும். சீட்டு அனுப்பியவர்களுக்கு இது தெரியாது. அவர்களுக்குச் சொல்லப்பட்டது கோளாறு என்பதுதான்.

7.35க்குத் தம்புரா மாறியது. மத்யம சுருதியில் இரண்டு பாட்டு. வித்வான் மிகவும் அடக்கி, பாட்டுக்குக் கீழேயே வாசித்தார்.

ரயில்வே கேட் ஒன்றில் நின்றதால் கார் 7.55க்குத்தான் வந்தது. பாடகி தாளமில்லாமல் பாடும் விருத்தம் ஒன்றைத் தொடங்கி நீட்டினார். வித்வான் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். மாணவன் ரவையைப் பிசைந்து இடப்பக்கத் தோலான தொப்பியில் அப்பினான், அவர் கல்லை எடுத்துச் சேர்த்தார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தார். ராகம் தானத்தைத் தொடர்ந்து வர வேண்டிய தோடிப் பல்லவி நடந்தது. பிறகு ஹேமவதி. அதில் மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனமும் விட்டார்கள். நான் அவர் வாசித்துக் கேட்டவற்றுள் அதுவே சிறந்தது என்று சொல்ல ஆசை. ஆனால் அன்று என் காது நேர்மையாக இல்லை. மற்றவர்கள் நன்றாக இருந்தது என்றார்கள்.

முடிய 9.40 ஆயிற்று. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்த பதினைந்து பேர், பஸ் போய்விடும் என்று தனிக்கு முன்பே எழுந்து போனார்கள்.

மங்களம் முடிந்ததும் பொன்னாடை. பாடகி, வயலின்காரர், அடுத்து வித்வான் பெயரைச் சொன்னபோது மேடையில் அவர் இல்லை. இரண்டு மிருதங்கத்தையும் எடுத்துக்கொண்டு மாணவனோடு அதே காரில் போய்விட்டார். கவர் என் சட்டைப் பையில் இருந்தது.

பின்னர் நடந்தவை

ஞாயிறு காலை பாளையங்கோட்டைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், காபி வந்தது. கவரை வாங்கவில்லை. கார் வாடகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதை மாணவன் பெயரில் வாங்கிக்கொண்டார். “ஆள் மாறுவது எங்கள் தொழிலில் சகஜம். நாற்பது வருடமாக வாசிக்கிறேன், என் வாத்தியத்தில் கோளாறு என்று மைக்கில் சொல்லிக் கேட்டதில்லை” என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. மழை, அணை நீர்மட்டம் என்று பேசினார்.

அடுத்த வாரம் குழு கூடியது. இரண்டு மிருதங்கம் கொண்டுவந்திருக்க வேண்டியது அவர் பொறுப்பு என்று இருவர் சொன்னார்கள். இரண்டையும் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள் என்று பொருளாளர் கேட்டார். அப்போதுதான் காரின் விஷயம் முதல்முறையாகப் பேச்சுக்கு வந்தது. மதுரையிலிருந்து வந்தவருக்குக் கார். ரயிலடிக்குப் போய் வயலின்காரரை அழைத்துவரக் கார். 40 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குப் பஸ். தூரத்திலிருந்து வருகிறவர் விருந்தாளி, பக்கத்திலிருந்து வருகிறவர் நம் ஆள் என்று கணக்கு வைத்திருந்தோம். நம் ஆளிடம் விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர் பெயரைக் காப்பாற்ற அவசரப்பட வேண்டியதில்லை. சுருதி கேட்காமல் விட்டதும், மைக்கில் வாய் தவறியதும், நான் படியில் நின்றதும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது. குழுவில் எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த மாதக் கச்சேரிக்கு முன், அதே மைக்கில், அதே தலைவர் நடந்ததைச் சொல்லி வருத்தம் தெரிவித்தார். நான்கு வரி எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் அதை ஓரமாக வைத்துவிட்டுத் தம் வாயாலேயே சொன்னார், எழுதியதைவிட நன்றாக இருந்தது. வித்வான் அன்று வரவில்லை, மாணவன் வாசித்தான்.

மாற்றியவையும் மாறாதவையும்

ஒப்பந்தம் என்று பெரிய பெயர் வைக்காமல் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு பக்கம். முதல் வரி: யார், எத்தனை கட்டை. ஆள் மாறினால் அந்தப் பக்கம் அடிக்கப்பட்டுப் புதுப் பக்கம் தொடங்கும். பழைய பக்கத்தில் திருத்தக்கூடாது. கலைஞர்கள் எல்லோரின் எண்களையும் எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறோம். அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டால் நான் சொல்ல மறந்தது தானாக வந்துவிடும். வயலின்காரர் ரயிலிலிருந்து செய்தது இதைத்தான்.

நாலரை மணிக்கு எல்லாரும் மேடையில் உட்கார்ந்து சுருதி சேர்க்க வேண்டும், அதற்கு முன் ஒரு வீட்டில் மட்டும் சிற்றுண்டி என்று விதி. அன்று நாலரைக்கு இது தெரிந்திருந்தால் ஆறுமணிக்குள் மிருதங்கம் வந்திருக்கும், யாரும் மைக்கைத் தொட்டிருக்க வேண்டாம். பக்கவாத்தியக்காரர்களுக்கும் கார் அனுப்புகிறோம். அந்தச் செலவுக்காக ஆண்டுக்குப் பன்னிரண்டு கச்சேரி பத்தாகக் குறைந்தது. இதில் குழுவுக்குள் இன்னும் முணுமுணுப்பு உண்டு. மேடையில் தாமதம் ஏற்பட்டால் அறிவிப்பவர் வாத்தியத்தையோ கலைஞரையோ குறிப்பிடாமல் “எங்கள் ஏற்பாட்டில் தவறு” என்று மட்டும் சொல்ல வேண்டும் என்பதும் நோட்டின் உள்ளட்டையில் எழுதப்பட்டிருக்கிறது.

சிற்றுண்டி விதி மட்டும் நிற்கவில்லை. விதி போட்ட இரண்டாவது மாதமே கோயிலுக்குப் போகிற வழியில் பாடகரை ஒரு வீட்டில் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். கூப்பிட்டது என் மனைவி.

பங்குனியில் ஒரு கச்சேரிக்கு வித்வான் வந்தார். முன்னறிவிப்பு இல்லை, பஸ்ஸில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து மாணவன் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, மங்களத்துக்கு முன் எழுந்தார். வாசல்வரை கூடப் போனேன். அடுத்த ஆடிக்கு வாசிப்பீர்களா என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே, “பாடுகிறவர் யார்?” என்றார். இன்னும் முடிவாகவில்லை என்றேன்.

“முடிவானதும் கூப்பிடுங்கள். எத்தனை கட்டை என்பதை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் வணக்கம் சொன்னால் போதும்.”